நட்ட கணக்கு

மூட்டைக்கு இருநூறு வீதம் பன்னிரண்டு மூட்டை,
ஆக இரண்டாயிரத்து நானூறு டாஃபடில் கிழங்கு.
அழுகியவை முப்பத்தொன்று.
நாய் தின்று கக்கியது ஒன்று
(டெக்வினின் நாய். பிழைத்துக்கொண்டது).
சங்கத்தின் பொருளாளர் நான்,
எழுதித்தான் ஆகவேண்டும்.

அபர்கெலினில்
ஊர் கூடி இழுக்கத் தேர் கிடையாது.
கடைத்தெருவில் பாதி ஷட்டர் ஏறுவதில்லை.
தேவாலயத்தில் இப்போது கம்பளம் விற்கிறார்கள்.
மிச்சமிருந்த பொது
ஆற்றோர நடைபாதை ஒன்றுதான்.
அக்டோபர் கடைசி ஞாயிறு
அங்கே கூடினோம்.

வரிசை பிடிக்காதீர்கள், என்றாள் எலூனெட்.
அள்ளி வீசுங்கள்,
விழுந்த இடத்தில் குழி தோண்டுங்கள்.

தபால்காரர் இட்வால் வீசியதெல்லாம்
முகவரி தவறாமல் ஒரே இடத்தில் குவிந்தது.
ப்ரைஸ் வீட்டு இரட்டையர்
ஆற்றுக்குள்ளேயே எறிந்தார்கள். ஒன்பது.
அதையும் குறித்துக்கொண்டேன்.

சுவர்த் தகராறில் ஆறு வருடமாய்ப் பேசாத
க்ளாடிஸும் ஹெத்வினும்
நடுவில் இரண்டு மீட்டர் விட்டு முட்டி போட்டார்கள்.
வீசியது எல்லை பார்த்து விழுமா?
அவள் கிழங்கை அவரும்
அவர் கிழங்கை அவளும்
மூச்சு விடாமல் புதைத்தார்கள்.

மண் கெட்டி. மூன்று மண்கரண்டி வளைந்தது.
கூர்முனை மேலே இருக்கவேண்டும்;
நாலரைக்கு மேல் இருட்டில்
எது முனை, எது அடி?
தலைகீழாய்ப் போனாலும் வந்து சேரும் என்றார் இட்வால்,
முப்பது வருடம் கடிதம் போட்ட தைரியத்தில்.

பிறகு மழை.
பிறகும் மழை.

ஜனவரி பதினேழு
எரிவாயுக் குழாய் மாற்ற இயந்திரம் வந்தது.
வரப்போகிறது என்ற நகராட்சிக் கடிதம்
பதினெட்டாம் தேதி வந்தது.
என் முகம் பார்க்காமல் இட்வால் நீட்டினார்.

நானூறு மீட்டர் பாதையை
வாய் வாயாக அள்ளியது.
களிமண்ணுக்குள் வெள்ளை வேர்கள்
அப்போதுதான் பிடிக்கத் தொடங்கிய விரல்களோடு
லாரி ஏறிப் போயின.
எலூனெட் வேலியோரம் நின்றாள்,
கையுறையைக் கழற்றாமல்.

நோட்டில் எழுதினேன்: நட்டம்.
கீழே இரண்டு கோடு போட்டேன்.

மார்ச் ஒன்றுக்கு
ஊரே சட்டையில் குத்திக்கொள்ளும் பூவை
சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினோம்.
கட்டு ஒரு பவுண்டு. மொட்டாகவே காய்ந்தது.

ஒன்பதாம் தேதி, காலை ஏழு நாற்பது பஸ்.
ஓட்டுநர் ஸ்பிக்னியெவ்.
அவர் இருக்கைக்கு மட்டும் தெரியும்
பணிமனைக்குப் பின்சுவர் தாண்டி என்ன இருக்கிறதென்று.
உடைந்த தார், டயர், கொட்டிய மண்மேடு.
அன்று பிரேக் போட்டார்.
எல்லாரும் எழுந்து நில்லுங்கள், என்றார்.
நான்கு நிமிடத் தாமதம்.
ஒரு புகார்கூடப் பதிவானது.

மண்மேடு மஞ்சளாய் இருந்தது.

சரிவில் படுத்தபடி பூத்தது ஒன்று.
குழாய்த் துண்டுக்குள் நுழைந்து
மறுமுனையில் எட்டிப் பார்த்தது ஒன்று.
நாம் வீசியது போதாதென்று
இன்னொரு முறை வீசப்பட்டு,
கூர்முனை பார்க்க ஆளில்லாமல்,
எப்படி விழுந்ததோ அப்படியே எழுந்திருந்தன.

அங்கே போக வழி இல்லை.
முதல் ஞாயிறு சேறு,
இரண்டாம் ஞாயிறு தடம்.
ஹெத்வின் நீளப் பலகை ஒன்று கொண்டுவந்தார்.
மறுமுனையைப் பிடித்தது க்ளாடிஸ்.
பேசவில்லை.
இடது பக்கம் தாழ்கிறது என்று மட்டும் சொன்னாள்,
பலகையைப் பார்த்து.

எண்ணப் போனேன்.
அறுநூற்றுப் பதினான்கில்
காற்று அடித்தது, எல்லாம் ஆடியது,
விட்டுவிட்டேன்.

நட்டம் என்றிருந்ததில்
ஓர் எழுத்தைத் திருத்தி
நட்டோம் என்றாக்கியிருக்கிறேன்.
தணிக்கையாளர் ஒப்புவாரா தெரியாது.

ஆற்றோரப் பாதையில் புதுச் சரளைக்கல் மட்டும்.

அந்த ஒன்பதுக்குத்தான்
இன்னும் கணக்கு இல்லை.
இரட்டையர் தினமும் பள்ளி விட்டதும்
மதகு வரை ஓடிப் பார்க்கிறார்கள்.